சாக்கோடு போட்ட எடை: கோத்தகிரி லைன் ஒன்றில் ஒரு பாட்டுப் போட்டிப் பருவம்

2023ஆம் ஆண்டின் பிற்பாதியில், கோத்தகிரிக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சனி, ஞாயிறு மாலைகளில் ஒரே ஒரு வீட்டு வாசலில்தான் செருப்புகள் குவிந்து கிடந்தன. அந்த வீட்டில் பெரிய திரையுள்ள தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதில் சிறுவர் சிறுமியருக்கான பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த லைனுக்குக் கீழே உள்ள பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். என் பெற்றோரும் அது போன்றதொரு லைனில் வாழ்ந்தவர்களே என்பதால், அங்கே எனக்கு முறத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொல்லும் அளவுக்கு உரிமை உண்டு. அந்தப் பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மாலையாவது அந்த அறையில் இருந்து பார்த்ததையும், அதன் பிறகு என் மாணவி ஒருத்தி குரல் தேர்வுக்குப் போய் வந்ததில் அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

தொலைக்காட்சித் திறன் போட்டிகள் ஏன் இவ்வளவு விரும்பிப் பார்க்கப்படுகின்றன என்று கேட்டால் வரும் விடைகள் நமக்குப் பழகியவை. ஏழை வீட்டுப் பிள்ளை மேடையேறுவதைக் காணும் ஆசை, சினிமாப் பாட்டின் மேல் உள்ள பற்று, நிகழ்ச்சியைத் தயாரிப்பவர்கள் அளந்து கலக்கும் கண்ணீர் ஆகியவற்றை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த அறையில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றுக்கு இவற்றில் விளக்கம் கிடைக்கவில்லை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அங்கே பேச்சும் நடந்தது. ஒருவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போனார், ஒருவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டினார், ஒருவர் மறுநாள் வேலைக்குக் கொடுவாளைத் தேடினார். பாட்டு முடிந்து, நடுவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் அறை அடங்கியது. எழுந்து போனவர்கள் நிலைப்படிக்குத் திரும்பி வந்து நின்றார்கள். பாட்டுப் போட்டியில் பாட்டைவிடத் தீர்ப்பு ஏன் கூர்ந்து கேட்கப்படுகிறது என்பதுதான் என் கேள்வியாக ஆனது.

லைனின் கதை

அந்த லைனில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த ஏறத்தாழ 9,75,000 பேரைப் பங்கு பிரித்து, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் நீலகிரியில் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம், 1970களின் நடுவில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் வாயில் டான்டீயாக ஆனது. தனியார் தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கங்களில் அன்றாடக் கூலிக்குத் தங்கிவிட்டவர்களும் உண்டு.

இவர்கள் பெட்டியோடும் படுக்கையோடும் கொண்டுவந்தவற்றில் வானொலி கேட்கும் பழக்கமும் ஒன்று. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியை மூத்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 1990களில் அதே நிகழ்ச்சி சன் தொலைக்காட்சியில் வந்தபோது, விட்டுவந்த ஊரிலிருந்து கடிதம் வந்ததுபோல் இருந்தது என்று அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டில் தீர்ப்புச் சொல்ல நிபுணர் தேவையில்லை. கொடுத்த எழுத்தில் பாட்டு தொடங்கியதா, மணி அடிப்பதற்குள் தொடங்கியதா என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பவரே சொல்லிவிடலாம். நிகழ்ச்சி நடத்துபவர் சொல்வதும் லைனில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும். பிறகு ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்கள் போன்ற நிகழ்ச்சிகளில் சுருதியும் தாளமும் பேச்சுக்கு வந்தன. தீர்ப்பு, பார்ப்பவர் கையைவிட்டு இசை தெரிந்தவர் கைக்குப் போகத் தொடங்கியது.

அந்தப் போக்கு எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் நடந்தது. ஜீ தொலைக்காட்சியின் சரிகம 1995இல் தொடங்கியது. பிரிட்டனில் 2001இல் வந்த பாப் ஐடல் 2004இல் இந்தியன் ஐடலாக இங்கே வந்தது. விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் 2006இல் தொடங்கியது. அதே 2006 செப்டம்பரில்தான் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தையும் தொடங்கியது. லைன் வீடுகளுக்குள் வந்த 14 அங்குலப் பெட்டியும் சூப்பர் சிங்கரும் ஒரே வயதுடையவை என்று சொல்லலாம். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. மலைச்சரிவில் கேபிள் இழுக்க முடியாத லைன்களில் தகரக் கூரைமேல் டிஷ் ஏறியது. பலத்த மழையில் டிஷ் படம் நின்றுவிடும். நடுவர் மதிப்பெண் சொல்லப்போகும் நேரத்தில் அப்படி நின்றால் எழும் கூச்சல், மின்வெட்டுக்குக்கூட எழுந்து நான் கேட்டதில்லை.

தராசுக்கு முன்னால்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவரின் உழைப்பு நாள்தோறும், பலர் பார்க்க, எடை போடப்படுகிறது. எடுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து எடை போடும் இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முன்பு முக்காலியில் தொங்கிய முள் தராசு இருந்தது. இப்போது பல இடங்களில் எண் காட்டும் மின்தராசு இருக்கிறது. சாக்கின் எடைக்கும், மழை நாளானால் இலையில் ஒட்டியிருக்கும் நீருக்கும் கழிவு போக, மிச்சம் அவரவர் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது. கட்டாயமாக எடுக்க வேண்டிய அளவுக்கு மேல் எடுத்த கிலோவுக்குத் தனிக்காசு உண்டு என்பதால், எவ்வளவு கழித்தார்கள் என்பது வாய்ச்சண்டைக்குரிய சின்ன விஷயம் அன்று. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் எப்படி முகம் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் விஷயம். சொந்தமாக ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளும் பச்சைத் தேயிலையை விற்கும்போது இதே கழிவுக் கணக்கில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஆகவே மலையில் தராசுக்கு முன்னால் நிற்காத வீடு குறைவு.

அப்படி நிற்பவர் இரண்டைப் பார்க்கிறார். முள் எங்கே நிற்கிறது என்பது ஒன்று. எடை போடுபவரின் கண் யார்மேல் இருக்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் பயிற்சி, பதினைந்து இருபது ஆண்டு வேலையில் கைக்கு வருவதுபோலக் கண்ணுக்கும் வந்துவிடுகிறது. பாட்டுப் போட்டியை அவர்கள் அந்தக் கண்ணால்தான் பார்த்தார்கள் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அவர்கள் பேச்சு. முறையாகச் சங்கீதம் படித்த ஒரு நகரத்துச் சிறுவன் கடினமான பாட்டை வழுவாமல் பாடி முடித்து, பாட்டில் இன்னும் உணர்ச்சி வேண்டும் என்று நடுவர் குறைத்துச் சொன்னபோது, பின்வரிசையிலிருந்த பெண்ணொருத்தி, பையனுக்கு ஈரக் கழிவு போட்டுவிட்டார்கள் என்றாள். அறை சிரித்தது. இன்னொரு வாரம், ஒரு குழந்தை பாடுவதற்கு முன் அதன் வீட்டையும் தாயின் கூலி வேலையையும் நீளமாகக் காட்டி, மேடையில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுமாரான பாட்டுக்குப் பெரிய பாராட்டும் கொடுத்தபோது, பாட்டி சொன்னார்: “சாக்கோட சேத்துல்ல எடை போடுறாங்க.”

அந்தச் சொல்லை நான் அன்றிரவே குறித்துவைத்தேன். தொலைக்காட்சித் திறன் போட்டிகளைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இவ்வளவு சுருக்கமாக அது சொல்லப்படவில்லை. பாடும் குரல் கொழுந்து. அதைச் சுற்றியிருக்கும் வறுமையும், இழந்த தந்தையும், அடகு வைத்த தாலியும் சாக்கு. போட்டியைத் தயாரிப்பவர்களுக்குச் சாக்கு வேண்டும், அது இல்லாமல் முன்னோட்டக் காட்சி வெட்ட முடியாது. லைனில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் சாக்கின் கதை பிடிக்காமல் இல்லை. பாட்டியே அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னார். ஆனால் அழுவதையும் கழிவைக் கணக்கிடுவதையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. இந்தப் பார்வையாளர்களைக் கண்ணீரில் ஏமாறுபவர்கள் என்று எழுதுபவர்கள், அவர்களோடு ஒரு மாலைகூட உட்கார்ந்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தோட்டத்துத் தராசோடு தொலைக்காட்சி மேடைக்கு ஒரு வேறுபாடு உண்டு. அதில்தான் நிகழ்ச்சியின் கவர்ச்சி இருக்கிறது. தோட்டத்தில் எடை போடுபவர் காரணம் சொல்வதில்லை, எழுதுகிறார். கேட்டால் சண்டை. மேடையில் எடை போடுபவர் காரணம் சொல்லியாக வேண்டும். பாடகரோ இசையமைப்பாளரோ, எவ்வளவு பெரியவராக இருந்தாலும், சரணத்தில் சுருதி எங்கே விலகியது என்று ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து, ஊரறிய விளக்குகிறார். சில சமயம் தானே பாடிக் காட்டுகிறார். எடை போடுபவரையே எடை போட்டுப் பார்க்கும் வாய்ப்பு லைனில் இருப்பவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு மாலை கிடைக்கிறது. சூப்பர் சிங்கரில் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 2018இல் வென்றதை அந்த லைனில் இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் தரும் காரணம் கிராமத்து மண்ணைப் பற்றிய பெருமிதப் பேச்சு இல்லை. மற்றவர்களுக்கு வைத்த தராசிலேயே வைத்து எடை போட்டார்கள், எடை நின்றது என்பதுதான்.

மலையகத்திலிருந்து வந்த குரல்

2023 பருவத்துக்கு வருகிறேன். ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் போட்டியில் அந்த ஆண்டு இலங்கையிலிருந்து இரண்டு சிறுமிகள் பாடினார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தவர், டிசம்பரில் பட்டத்தை வென்றவரும் அவரே. மற்றவர் இலங்கையின் மலைநாடான மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்தவர். மலையகத் தமிழர் இலங்கைக்குச் சென்று 200 ஆண்டுகள் ஆனதை அங்கே நினைவுகூர்ந்த ஆண்டும் அதுதான். கோத்தகிரி லைனில் அந்த இரண்டாவது சிறுமி திரையில் தோன்றிய மாலையிலிருந்துதான் செருப்புகள் ஒரே வாசலில் குவியத் தொடங்கின.

அன்றைய பேச்சில் இசை ஒரு மூலையில்தான் இருந்தது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அந்தப் பக்கம் நம் ஆள் யார் இருக்கிறார்கள் என்ற விசாரிப்புதான் முதலில். ஒப்பந்தம் குடும்பங்களை நடுவில் வெட்டியது. அண்ணன் இங்கே வர, தங்கை அங்கே நின்றுவிட்ட வீடுகள் எங்கள் மலையில் நிறைய. கடிதப் போக்குவரத்து ஒரு தலைமுறையோடு நின்றுபோனது. இப்போது, ஒரு சிறுமி பேசும் பேச்சில் ஒரு சொல்லின் இழுப்பு தங்கள் பாட்டியின் இழுப்பாக இருப்பதைக் கேட்டபோது, அறையில் இருந்த நடுவயதுப் பெண்கள் சிரித்தார்கள், பாட்டி சிரிக்கவில்லை. அவர் அந்தச் சிறுமியின் கால் செருப்பைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

இங்கே சாக்கோடு எடை போடுவதைப் பற்றிய அந்த லைனின் சொந்தக் கொள்கையே சோதனைக்கு வந்தது. மலையகத்துச் சிறுமிக்கு வந்த பாராட்டில் எவ்வளவு குரலுக்கு, எவ்வளவு தோட்டத்துக் கதைக்கு என்று யாரும் கழிவு பார்க்கவில்லை. ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். பின்வரிசைப் பெண் சற்று யோசித்துவிட்டு, அது நம் சாக்கு டீச்சர் என்றாள். மறுக்க முடியாத விடை அது. என் ஆய்வுக்கு வசதியான விடையும் இல்லை. தராசைக் கூர்ந்து பார்ப்பவர்களும் தங்கள் மூட்டை ஏறும்போது பார்வையைத் தளர்த்துகிறார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பரிசைப் பற்றியும் ஒரு சொல். சூப்பர் சிங்கரின் சில பருவங்களில் முதல் பரிசு ஒரு அடுக்குமாடி வீடு. தோட்டத் தொழிலாளருக்கு வீடு தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் அங்கே வேலையில் இல்லையென்றால், காலி செய்ய வேண்டும். நாற்பது ஆண்டு ஒரே அடுப்பில் சமைத்தவர் அறுபதை நெருங்கும்போது எங்கே போவது என்று கேட்கத் தொடங்குகிறார். வென்ற பாட்டை மறந்தவர்கள்கூட வென்றவருக்கு வீடு கிடைத்ததை மறக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பட்டா யார் பெயரில் என்று என்னிடம் விசாரித்தவர்களும் உண்டு.

குரல் தேர்வு

அந்தத் தொலைக்காட்சி வீட்டுப் பாட்டியின் பேத்தி, அப்போது எட்டாம் வகுப்பு படித்த என் மாணவி, நன்றாகப் பாடுவாள். இலங்கை மலையகத்தில் மாசியில் ஆடும் காமன் கூத்தின் பாட்டுகளை அவளுடைய தாத்தாவிடமிருந்து கேட்டுக் கற்றிருந்தாள். பள்ளியில் சினிமாப் பாட்டும் பாடுவாள். 2024இல் ஒரு தொலைக்காட்சியின் குரல் தேர்வு கோவையில் நடக்கிறது என்று கைப்பேசியில் செய்தி வந்ததும், லைனே கூடி அவளை அனுப்ப முடிவு செய்தது. எந்தத் தொலைக்காட்சி என்பது இங்கே முக்கியமில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக முதல் பேருந்தில் அவள் தாயோடு நானும் போனேன். தாய்க்கு அன்றைய பேர் விழவில்லை, அதாவது ஒரு நாள் கூலி போனது. நான் விடுப்பு எடுத்தேன்.

திரையில் நாம் பார்க்கும் குரல் தேர்வு, உண்மையில் தேர்வின் கடைசிக் கட்டம். புகழ்பெற்ற நடுவர்கள் முன்னால் பிள்ளைகள் நிற்பதற்கு முன்பே, நிகழ்ச்சியைத் தயாரிக்கும் குழுவினரும் அவர்கள் அமர்த்திய இசை தெரிந்தவர்களும் பெருங்கூட்டத்தைச் சலித்து முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். மதியம் கடந்து முறை வந்தது. உள்ளே ஒரு சிறிய அறை, மேசைக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள். அவள் பல்லவியும் ஒரு சரணமும் பாடினாள். இன்னொரு பாட்டு கேட்டார்கள். அவள் தாத்தாவின் பாட்டில் இரண்டு அடி எடுத்தாள். சினிமாப் பாட்டாகப் பாடு என்றார்கள். பாடினாள். பிறகு பாட்டைப் பற்றிக் கேட்ட நேரத்தைவிட நெடுநேரம் வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா என்ன செய்கிறார், அம்மா எவ்வளவு சம்பாதிக்கிறார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, அவள் பாடுவதற்கு வீட்டில் எதிர்ப்பு உண்டா. அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறார், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், பாடச் சொல்லி அனுப்பியதே அவர்கள்தான் என்று அவள் பதில் சொன்னாள். கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

அவள் தேர்வாகியிருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மேல்சுருதியில் அவள் குரல் சற்று நடுங்கியதை நானே கேட்டேன்; வரிசையில் நின்ற பிள்ளைகளில் அவளைவிட நன்றாகப் பாடியவர்கள் பலர். தாய்க்கு ஆறாமல் போனது வேறொன்று. திரும்பும் பேருந்தில், குஞ்சப்பனை தாண்டியதும் அவர் பேசினார். தொலைக்காட்சியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கே தவறு என்று சொல்கிறார்களே, என் பிள்ளைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவரை அந்த நிகழ்ச்சியின் முன்னால் வாரந்தோறும் உட்காரவைத்த அதே ஒன்று, அதாவது காரணம் சொல்லும் தீர்ப்பு, கேமரா இருக்கும் இடத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். கேமராவுக்கு வெளியே இருந்தது, தோட்டத்தில் அவர் பார்த்துப் பழகிய தராசுதான். முள்ளுக்குப் பதில் ஒரு புன்னகை இருந்தது.

இன்னொரு தேயிலை மலை

மலையும் தேயிலையும் பாட்டுப் போட்டியும் சேர்ந்த இன்னொரு நிகழ்வை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 2007இல் இந்தியன் ஐடலின் மூன்றாம் பருவத்தில், டார்ஜீலிங்கைச் சேர்ந்த, கொல்கத்தா காவல்துறையில் காவலராக இருந்த பிரசாந்த் தமாங்கும், ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பாலும் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். வெற்றியை முடிவு செய்தது மக்கள் அனுப்பும் குறுஞ்செய்தி வாக்கு. ஒருவர் எத்தனை வாக்கும் அனுப்பலாம் என்பதால், மக்கள் தொகை குறைந்த மலைக்கும் வெல்ல வழி இருந்தது. டார்ஜீலிங் மலையில் பணம் திரட்டினார்கள், வாக்கு அனுப்பத் தனிச் சாவடிகள் வைத்தார்கள், இரவு பகலாக அனுப்பினார்கள். மேகாலயத்தில் மாநில அரசே அமித் பாலைத் தூதராக அறிவித்தது. செப்டம்பர் 23இல் பிரசாந்த் வென்றார். அவரைப் பற்றி வானொலி அறிவிப்பாளர் ஒருவர் இழிவாகப் பேசியதை எதிர்த்து செப்டம்பர் 28இல் சிலிகுரியில் நடந்த பேரணி கலவரமாகி, ஊரடங்கு போட்டு ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று. பிரசாந்துக்காக வாக்குத் திரட்டியவர்களில் முன்னணியில் நின்ற பிமல் குருங், அடுத்த மாதம் 7ஆம் தேதி கோர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். மேற்கு வங்க மலையின் அரசியல் அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தக் கட்சியைச் சுற்றியே நடந்தது.

அங்கே மக்கள் எண்ணப்பட விரும்பினார்கள். இந்தியில் பாடும் நேபாள மொழிக்காரரை வெல்லவைத்ததன் மூலம், தாங்களும் இந்த நாட்டவரே என்பதை ஒரு எண்ணால் காட்டினார்கள். எங்கள் லைனில் வாக்கு அனுப்புவதில் யாருக்கும் அப்படியொரு வேகம் இருந்து நான் பார்த்ததில்லை. வாக்கு குறுஞ்செய்தியாக இருந்த காலத்தில் அதற்குக் காசு போனது. செயலிக்கு மாறிய பிறகு சிக்னல் கிடைக்கும் வளைவு வரை நடக்க வேண்டும். ஆனால் காரணம் அதோடு முடியவில்லை. நீலகிரி ஒரே குரலில் பேசும் மலை இல்லை. படுகர்களும், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடிகளும், தாயகம் திரும்பியோரும், மலையாளமும் கன்னடமும் பேசுபவர்களும் அடுத்தடுத்த சரிவுகளில் இருக்கிறார்கள். படுகப் பாட்டையும் பழங்குடிப் பாட்டையும் உதகை வானொலி ஒலிபரப்பியிருக்கிறது; தமிழ்த் தொலைக்காட்சியின் போட்டி மேடை கேட்பது தமிழ்ச் சினிமாப் பாட்டை. இந்த மலை முழுவதும் எங்கள் பிள்ளை என்று திரளக்கூடிய ஒரு போட்டியாளர் அந்த மேடையில் தோன்றுவது அரிது. திரள முடியாத இடத்தில், எண்ணிக்கையைவிட எடை பெரிதாகிறது. வாக்கு எத்தனை என்பதைப் பற்றி லைனில் சண்டை வந்ததில்லை. நடுவர் நியாயமாகப் பேசினாரா என்பதைப் பற்றி வராத வாரமில்லை.

பள்ளிக்குத் திரும்பிய பிறகு

பிள்ளைகளைத் தொலைக்காட்சிக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் என்னிடம் வரும்போது, 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளை எடுத்துச் சொல்கிறேன். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் படப்பிடிப்பில் வைத்திருக்கக் கூடாது; ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது; மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்; குழந்தை ஈட்டும் பணத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். பெற்றோர் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். குரல் தேர்வுக்கு எங்கே எண் வாங்க வேண்டும் என்பதுதான் அவர்களின் அடுத்த கேள்வி.

கோவைக்குப் போய்வந்த மாணவி அதே ஆண்டு கலைத் திருவிழாவில் பெயர் கொடுத்தாள். பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடத்தும் போட்டி அது. பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று ஏறி மாநிலம் வரை போகும், மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம் தருவார்கள். கேமரா இல்லை. நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள். அவள் தனிப்பாட்டில் தாத்தாவின் காமன் கூத்துப் பாட்டைப் பாடினாள், யாரும் நிறுத்தவில்லை. வட்டாரத்தில் இரண்டாம் இடம் வந்தது, மேலே போகவில்லை. நடுவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர் என்பதால், மதிப்பெண் எப்படிப் பிரிந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவந்து அந்த வீட்டில் கொடுத்தேன். சுருதி, தாளம், உச்சரிப்பு என்று கட்டம் கட்டமாக எண்கள் இருந்தன.

பாட்டிக்கு எழுத்து வாசிக்க வராது, எண் தெரியும். தாளை விளக்கடியில் வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டாவது கட்டத்தில் விரலை நிறுத்திக்கொண்டு, இங்கே கழித்தது எதற்கு என்று என்னிடம் கேட்டார். சரணத்தில் தாளம் ஒரு இடத்தில் முந்திவிட்டது என்றேன். எந்த இடம் என்றார். எனக்கு நினைவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு முதலிலிருந்து பாடச் சொன்னார். அவள் பாடப் பாடத் தரையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், மூன்றாவது அடியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.